காப்பு கட்டிய வீடு

புங்கமேட்டில் பாரதம் நடக்க வேண்டுமென்றால் முதலில் வீரமுத்துவின் கையில் காப்பு ஏற வேண்டும். திரௌபதி அம்மன் கோயில் கட்டிய காலத்திலிருந்து அந்தக் குடும்பத்துக்குத்தான் அந்த உரிமை. மஞ்சள் கிழங்கு கோத்த நூலைப் பூசாரி அவர் வலது மணிக்கட்டில் கட்டிய பிறகுதான் கொடி ஏறும். கூத்துக்காரர்கள் பெட்டியை இறக்குவார்கள். பாரதம் சொல்ல வந்தவர் வாயைத் திறப்பார்.

காப்பு கட்டியவர் அதை அவிழ்க்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. செருப்புப் போடக் கூடாது, பாயில் படுக்கக் கூடாது. சாவு விழுந்த வீட்டுக்கும் பிள்ளை பிறந்த வீட்டுக்கும் போகக் கூடாது. அதுவரை அவர் வீட்டு விளக்கை அணையாமல் பார்த்துக்கொள்ளும் மனைவிக்கும் இதே விதிதான். நடுவில் அவர் வீட்டில் ஒரு சாவோ பிறப்போ நேர்ந்தால் காப்பை அவிழ்த்து அடுத்த பங்காளியின் கையில் கட்டிவிட வேண்டும்.

வீரமுத்துவின் தகப்பனார் காலத்தில் ஒருமுறை அப்படி ஆயிற்று. கொடியேறிய பிறகு வீட்டில் ஒரு கிழவி செத்துப்போக, காப்பு பங்காளி வீட்டுக்குப் போனது. போனது சுலபமாகத் திரும்பி வரவில்லை. பஞ்சாயத்து, சண்டை, பேச்சுவார்த்தை இல்லாத வருஷங்கள் என்று எத்தனையோ ஆயிற்று. அது திரும்பும்வரை தகப்பனார் கோயில் வாசலில் உட்கார்ந்ததில்லை. வெளியே புளியமரத்தடியில் நின்றபடியே கும்பிட்டுவிட்டு வந்துவிடுவார். சின்ன வயதில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அந்த மரத்தடியில் நின்றவர் வீரமுத்து. அன்று காப்பை வாங்கிக்கொண்ட பங்காளியின் மகன் தெய்வசிகாமணி இப்போது தெருவுக்குத் தெரு நடந்து திருவிழா வேலை பார்ப்பதைக் காணும்போதெல்லாம், 'எப்போது தவறும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறான்' என்றே அவருக்குத் தோன்றும்.

கோமுகி அணைத் தண்ணீர் பாய ஆரம்பித்து, கேழ்வரகு விளைந்த நிலமெல்லாம் கரும்பான பிறகு திருவிழா நாள் முன்பின்னாகிப் போனது. பங்குனியில் நடக்க வேண்டிய பாரதம் அந்த வருஷம் வெட்டு முடியாமல் தள்ளித் தள்ளி வைகாசிக்கு வந்து நின்றது. தலைப்பிரசவத்துக்கு வந்த மகள் ஆண்டாள் அப்போது அவர் வீட்டில் இருந்தாள். வெள்ளிமலைக்கும் அப்பால் ஒரு மலைக்கிராமத்தில் கடை வைத்திருந்த பாவாடைக்கு அவளைக் கொடுத்திருந்தார். புளி, கடுக்காய், தேன் என்று மலைச்சரக்கு வாங்கிக் கீழே அனுப்புகிற கடை.

நாள் குறித்துவிட்டு வீரமுத்து வீட்டுக்கு வந்தபோது மனைவி பெரியநாயகி முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாங்க, நாளு குறிச்சிட்டாங்களாமே?"

"குறிச்சாச்சி. வர்ற வெள்ளிக்கெழம காப்பு."

முறம் நின்றது. "இவளுக்கு மாசம் ஆயிடுச்சே. நடுவுல வலி எடுத்தா இன்னா பண்றது?"

"அத்தத்தான் யோசன பண்ணிக்கினே வந்தேன்."

"இதுல யோசனைக்கு இன்னா கீது? இந்த ஒரு வருசம் தெய்வசிகாமணி கையில கட்டட்டும். அவரும் நம்ம பங்காளிதான?"

"எங்கப்பன் பட்ட அவமானம் உனுக்குத் தெரியாது."

"தெரியாம இன்னா? கல்யாணம் ஆன நாள்லேந்து அத்தத்தான சொல்லிக்கினு இருக்கீங்க. புளியமரம், புளியமரம்னு."

சுவரோரம் கால் நீட்டி உட்கார்ந்து புளியங்காயை உப்பில் தொட்டுத் தின்றுகொண்டிருந்த ஆண்டாள் சிரித்துவிட்டாள். வீரமுத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"பொறப்புத் தீட்டும் தீட்டுதான். காப்பு கட்டுன வூட்ல பிரசவம் ஆவக் கூடாது. மாப்ளைக்கு ஆள் அனுப்பறேன். வந்து கூட்டிக்கினு போவட்டும்."

"தலப்பிரசவத்துக்கு வந்த பொண்ண மலைக்குத் திருப்பி அனுப்புவாங்களா? நானும் கூடப் போவ முடியாது, வெளக்கு அணையக் கூடாது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில சேத்துடலாங்க. பஸ் ஏறுனா வெயில் ஏர்றதுக்குள்ள போயிடலாம். எந்தங்கச்சி பக்கத்துல இருந்து பாத்துக்குவா."

"ஆஸ்பத்திரி வராண்டாவுல நாதியத்தவளாட்டம் படுத்துக்கினு பெத்துக்கணுமா எம்பொண்ணு? நாலு பேரு இன்னா கேப்பான்? மாமியா வூட்டுக்கு மருமவ போறதுல ஒரு கொறச்சலும் இல்ல."

பெரியநாயகி மகளைப் பார்த்தாள். ஆண்டாள் புளியங்காயை மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"வுடும்மா. அப்பா காப்பு கட்டிக்கினு முன்னால நடக்கறதப் பாத்துப் பாத்து வளந்தவ நானு. அத்த என்னால வுட்டாங்கன்னு பேரு வரணுமா? மலையில மாயவன் பொண்டாட்டி சாலம்மா கீறா. கைக்கொழந்தக்காரி, எல்லாம் தெரிஞ்சவ." பிறகு அப்பாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். "பேரன் பொறந்தான்னா துரியோதனன்னு மட்டும் பேரு வச்சிடாதப்பா."

'எம்பொண்ணு' என்று நினைத்துக்கொண்டார் வீரமுத்து. நெஞ்சு கொஞ்சம் விரிந்தது.

கச்சிராயபாளையத்தில் மலைக்குப் போகும் ஜீப்பில் அவளை ஏற்றிவிட்டபோது மருமகன் பாவாடை தயங்கித் தயங்கிச் சொன்னான். "மாமா, மழ புடிச்சிக்கினா ஜீப்பு எறங்காது. டோலி கட்டித்தான் தூக்கணும்."

"வைகாசியில இன்னா மழ மாப்ள?" என்றார் வீரமுத்து.

ஆண்டாள் முன்சீட்டில் உட்கார்ந்து, முந்தானையில் முடிந்த புளியங்காயைத் தூக்கிக் காட்டினாள். ஜீப் கிளம்பிவிட்டது.

பாரதம் குறையில்லாமல் நடந்தது. பகலில் கதை, இரவில் கூத்து. சங்கராபுரத்துப் பக்கத்திலிருந்தெல்லாம் சனம் வண்டி கட்டிக்கொண்டு வந்தது. வில் வளைப்பு, துகில், அர்ச்சுனன் தபசு என்று ஒவ்வொரு நாளும் வீரமுத்து வெறுங்காலோடு ஊர்வலத்தின் முன்னால் நடந்தார். துரியோதனன் விழும் படுகளத்துக்கு முன்தினம் மட்டும் அவர் கண் அடிக்கடி மேற்கே போயிற்று. கல்வராயன் மலை தெரியவில்லை. இருந்த இடத்தில் கருமேகம் நின்றது. ஊருக்குள் ஒரு தூறல்கூட இல்லை. ஆனால் வாய்க்காலில் தண்ணீர் செக்கச்செவேலென்று வந்தது. மலையில் மண்ணை அரித்துக்கொண்டு வருகிற மழை அது என்று அவருக்குத் தெரியும். வாய்க்காலைப் பார்க்காமல் கோயிலுக்குப் போனார்.

மறுநாள் காலையில் கோயில் மைதானத்தில் துரியோதனன் உருவத்தை மண்ணால் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏரி வண்டலை வண்டி வண்டியாகக் கொட்டி, வைக்கோல் கலந்து மிதித்து, மல்லாந்து கிடக்கும் ஆளாகக் குவிப்பார்கள். வயிறு மட்டும் ஒரு மேடு. கண்ணுக்கு முட்டை ஓடு. தொடைக்குள் குங்குமம் கரைத்த சட்டி புதைந்திருக்கும். பீமன் கதையால் அடிக்கும்போது ரத்தமாக அது வழிய வேண்டும். அதில் திரௌபதி கூந்தலை நனைத்து முடிவாள். அதற்குப் பிறகு துரியோதனனின் தாய் காந்தாரிக்குப் பதிலாக ஊர்ப் பெண்கள் உட்கார்ந்து ஒப்பாரி வைப்பார்கள். முதல் அழுகை காப்பு வீட்டுப் பெண்ணுடையது. அந்த ஒப்பாரி முடிந்தால்தான் சாயங்காலம் தீமிதி.

துரியோதனன் வேஷம் கட்டும் இருசப்பன் வாத்தியார் முகத்தில் பாதி அரிதாரத்தோடு வந்து, மண் உருவத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"காப்புக்காரரே, எனுக்கு மீசைய இன்னும் கொஞ்சம் பெருசா வெக்கச் சொல்லுங்க. சாவறதுதான் சாவறோம், லட்சணமா சாவலாம்."

மண் மிதித்தவர்கள் சிரித்தார்கள். "வாத்தியாரு பொண்டாட்டிகிட்ட அடி வாங்கச்சொல்ல மீச எங்க போச்சி?" என்றான் ஒருவன்.

"அது பீமனவிட பெரிய அடிடா. அதுக்கு மீச நிக்காது."

வீரமுத்துவும் சிரித்தார். சிரித்த முகத்தோடு திரும்பியவர் மைதானத்தின் ஓரத்தில் மாயவன் நிற்பதைப் பார்த்தார். பாவாடையின் கடைக்கு மலைச்சரக்கு சுமந்து வருகிறவன், சாலம்மாளின் புருஷன். முழங்கால்வரை சிவப்புச் சேறு காய்ந்து அப்பியிருந்தது. தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டியிருந்தான். வேப்பமரத்தைத் தாண்டி ஓரடி வைக்கவில்லை.

வீரமுத்து தானாகவே அவனிடம் போனார். கைக்கெட்டாத தூரத்தில் நின்றார்.

"அய்யா," என்றான் மாயவன். "பாவாட அனுப்பிச்சாருங்க. நம்ம பாப்பா..."

"வாய மூடு."

மாயவன் விழித்தான். வீரமுத்து வலது கையைத் தூக்கிக் காட்டினார். "இது இன்னா?"

"காப்புங்க."

"இத்த அவுக்கற வரைக்கும் எந்தச் சேதியும் எங்காதுல வுழக் கூடாது. நல்லதோ கெட்டதோ, எதுவானாலும் செரி."

"ஒரே ஒரு வார்த்தைங்க அய்யா. அத்த மட்டும் கேட்டுக்கினா நான் போய்க்கினே இருப்பேன். அங்க அவசரமா..."

"அம்மன் மேல ஆணை மாயவா. ஒரு வார்த்தயும் வேணாம். சாயங்காலம் தீமிதி. விடிஞ்சா காப்பு அவுத்துடுவேன். அப்ப சொல்லு. அதுவரைக்கும் எவகிட்டயும் பேசாத. நீயா எதுவும் சொல்லாத. வூட்டுக்குப் போ, கூழு குடி, படு."

அம்மன் பெயரைக் கேட்டதும் மாயவன் வாயை மூடிக்கொண்டான். மலையில் ஆணைக்குக் கட்டுப்படாதவன் கிடையாது. அவன் ஒருமுறை மலை இருந்த திசையைத் திரும்பிப் பார்த்தான். பிறகு வீட்டைப் பார்த்து நடந்தான்.

காதில் விழாத சாவுக்குத் தீட்டு இல்லை. அந்தச் சீமையில் எல்லோரும் ஒப்புக்கொண்ட வழக்கம் அது. கட்டிக்கொடுத்த பெண் செத்தால் பெற்றவர்களுக்கு மட்டும் மூன்று நாள் தீட்டு. அதுவும் சேதி காதில் விழுந்த நேரத்திலிருந்துதான். யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆகவே எதுவும் நடக்கவில்லை. வீரமுத்து திரும்பி வந்து, மண் மிதிப்பவர்களிடம் உருவத்தின் கை விரல்கள் சரியில்லை என்று சத்தம் போட்டார். வழக்கத்தைவிடக் கூடுதலாகவே சத்தம் போட்டார்.

உச்சி வெயிலில் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு அவர் திரும்பியபோது பெரியநாயகி மாட்டுக்கொட்டகைப் பக்கம் பார்த்தபடி நின்றாள். அங்கே கட்டுத்தறி ஓரம் மாயவன் குந்தியிருந்தான். அவன் முன்னால் கூழ்ச் சட்டி, மோர் மிளகாய், ஒரு சொம்புத் தண்ணீர். எதையும் தொடவில்லை. கூழின் மேல் ஆடை படிந்திருந்தது.

"அவன் தண்ணிகூட குடிக்கலீங்க," என்றாள்.

"பசியிருக்காது."

"மல எறங்கி வந்தவனுக்கா?"

சாவுச் சேதி கொண்டுவருகிறவன் அதைச் சொல்லி முடிக்கும்வரை அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் தொடமாட்டான். இது பெரியநாயகிக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்று வீரமுத்துவுக்கும் தெரியும்.

"அவன் வாயத் தொறக்க மாட்றான். ஆணைன்னு கைய காட்றான். நீங்க இன்னா சொல்லி வச்சிருக்கீங்க அவங்கிட்ட?"

"நான் ஒண்ணும் கேக்கல. நீயும் கேக்காத. சுத்துப்பட்டு சனம் அத்தனையும் வந்து கீது. இன்னிக்கி ஒரு பொழுது. இந்த ஒரு பொழுது தாண்டட்டும்."

"எம்பொண்ணுங்க."

"எனுக்கு மட்டும் யாரு?"

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். அவர் தலையைத் துவட்டிக்கொண்டார். காப்பு நனையாமல் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு துவட்டினார்.

"படுகளத்துல மொதல்ல அழுவறது நான்தான?" என்றாள் பெரியநாயகி.

"எப்பவும் நீதான? இன்னா புதுசா கேக்கற?"

"ஒண்ணுமில்ல," என்று உள்ளே போய் விளக்குக்கு எண்ணெய் ஊற்றினாள்.

வெயில் சாய்ந்தபோது படுகளம் தொடங்கியது. மைதானத்தில் கால் வைக்க இடமில்லை. வேப்பமரத்துக் கிளையில்கூட ஆட்கள். இருசப்பன் கிரீடமும் புஜக்கட்டையும் மின்ன, மண் உருவத்தின் மார்பின் மேல் ஏறி நின்று, தன் தம்பிமாரையெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட்டு அழுதார். பீமன் துரத்தினான். சுற்றிச் சுற்றி ஓடினார்கள். மத்தளமும் முகவீணையும் உச்சத்துக்குப் போயின. கதை இறங்கியது. தொடை பிளந்து குங்குமத் தண்ணீர் மண்ணில் பரவியது. திரௌபதி வேஷக்காரர் கூந்தல் முடிந்ததும் சனம் "கோவிந்தா" என்று கத்தியது. இருசப்பன் மண் துரியோதனனின் தோளில் தலை சாய்த்துக் கண்ணை மூடிப் பிணமாகக் கிடந்தார்.

மேளம் தணிந்தது. பெரியநாயகி வந்து உருவத்தின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். மற்றப் பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். வழக்கமான அடியைத்தான் அவள் எடுத்தாள்.

"மண்ணாண்ட மவராசா... மல்லாந்து போனியே...
பொன்னாண்ட கையி ரெண்டும் பூமியில சாஞ்சிடுச்சே..."

பெண்கள் கூடவே இழுத்தார்கள். இரண்டாம் அடி வந்தது. மூன்றாம் அடியில் அவள் குரல் எங்கோ இறங்கியது. அவள் குனிந்து மண் உருவத்தின் வயிற்று மேட்டின் மேல் இரண்டு கையையும் வைத்தாள்.

"புளியங்கா கேட்டவள... மடியில முடிஞ்சவள...
பொறந்த வூட்டு வாசப்படி புள்ள பெற ஆவலியா...
கையில கட்டுன நூலு கண்ண மறச்சிடுச்சா...
மஞ்ச நூலு காக்க உன்ன மலையேத்தி வுட்டமே...
யம்மா... ஆண்டாளு..."

கூட இழுத்த பெண்களின் குரல் ஒவ்வொன்றாக நின்றது. கடைசியில் அவள் குரல் மட்டும் இருந்தது. முன்வரிசையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். பிணமாகக் கிடந்த துரியோதனனின் மூடிய கண்ணிலிருந்து நீர் இறங்கி, சிவப்பு அரிதாரத்தைக் கோடாகக் கரைத்தது. இருசப்பன் அசையவில்லை. பிணம் அசையக் கூடாது.

வீரமுத்து பூசாரிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். மைதானம் முழுவதும் ஒரே சமயத்தில் அவரைப் பார்த்தது.

தெய்வசிகாமணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். தாழ்ந்த குரலில்தான் பேசினார்.

"அண்ணா. காப்ப பூசாரிகிட்ட கொடுத்துட்டு அண்ணியக் கூட்டிக்கினு கெளம்புங்க. என் மோட்டார் சைக்கிள்ல கச்சிராயபாளையம் வரைக்கும் வுடச் சொல்றேன். காப்பு எனுக்கு வேணாம். பூசாரி கையிலயே இருக்கட்டும். அடுத்த வருசம் உங்க கையிலதான் ஏறும். நானே நின்னு கட்ட வெக்கிறேன்."

வீரமுத்துவுக்கு அவர் வாய் அசைவது மட்டும்தான் தெரிந்தது. புளியமரம் தெரிந்தது. அதனடியில் நின்ற அப்பா தெரிந்தார்.

"இதுக்குத்தானடா காத்துக்கினு இருந்த?" என்றார். "எங்காதுல எந்தச் சேதியும் வுழல. எவனும் சொல்லல. பொம்பள ஒப்பாரியில ஆயிரம் பாடுவா."

தெய்வசிகாமணி அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் வீரமுத்து தாங்கியிருப்பார்.

"செரிங்க," என்றார் தெய்வசிகாமணி. மேளக்காரர்கள் பக்கம் திரும்பினார். "யாரு காதுலயும் ஒண்ணும் வுழல. அடிங்கடா."

மத்தளம் எழுந்தது. பறை எழுந்தது. சனம் மெல்ல மெல்ல முகத்தைத் திருப்பிக்கொண்டது. சிலர் தீக்குழியைப் பார்த்தார்கள், சிலர் வானத்தைப் பார்த்தார்கள். காப்பு அவர் கையிலேயே இருந்தது.

பெரியநாயகி எழுந்தாள். கையெல்லாம் ஈர மண், குங்குமம். மேளத்தின் நடுவே நடந்து வேப்பமரத்தடியில் நின்ற மாயவனிடம் போனாள். அவள் போன வழி திறந்தது.

"நீ சொல்லாத," என்றாள். "நானே சொல்லிட்டேன். எல்லாருக்கும் சொல்லிட்டேன். உன் ஆணை முடிஞ்சிடுச்சி. கொழந்த இன்னா ஆச்சி?"

மாயவன் அழ ஆரம்பித்தான். "பொம்பளப் புள்ளைங்கம்மா. பொறந்து கீது. பாப்பாவுக்குத்தான் ரத்தம் நிக்கல. ஜீப்பு வரல, டோலியில தூக்கியாந்தோம். பாதி எறக்கத்துலயே..."

"கொழந்தயச் சொல்லு."

"நான் கெளம்பச்சொல்ல உசுரா இருந்திச்சிம்மா. எம்பொண்டாட்டிதான் மாரு குடுத்தா. அவளுக்கும் ஜுரம் வந்து பாலு கம்மியாயிடுச்சி. கொழந்த வெளுத்துக்கினே போவுது, பொணத்த வுட்டு அவரு நவர முடியல, கீழ ஆஸ்பத்திரிக்குத் தூக்கியார வூட்டு மனுசங்கள ஒடனே கூட்டியான்னு பாவாட அனுப்புனாரு. அந்த ஒரு வார்த்தயத்தாங்க சொல்ல வந்தேன். கால வெயில்ல வந்தவன். அய்யா வுடலீங்க."

வீரமுத்து அத்தனையையும் கேட்டார். மேளம் அவ்வளவு சத்தமாக இருந்தும் கேட்டது. காப்பு கட்டிய கையை அவர் இடது கையால் பொத்திக்கொண்டார்.

பெரியநாயகி அவர் பக்கம் திரும்பவில்லை. ஊர் எல்லைக் கல்லைத் தாண்டி மாயவனோடு மேற்கே நடந்தாள். தெய்வசிகாமணியின் மோட்டார் சைக்கிள் பின்னாலேயே போய் அவர்களை ஏற்றிக்கொண்டதாகப் பிறகு சொன்னார்கள்.

பொழுது இறங்கும் நேரத்தில் வீரமுத்து தீமிதித்தார். முதல் ஆளாக இறங்கினார். கால் சுடவில்லை. அம்மன் கூடவே நடந்தாள் என்று வெளியூர்க்காரர்கள் பேசிக்கொண்டார்கள். உள்ளூர்க்காரர்கள் பேசவில்லை. வீட்டில் விளக்கு அணைந்திருந்தது.

விடிந்ததும் பூசாரி காப்பை அவிழ்த்தார். மணிக்கட்டில் மஞ்சள் தடம் அப்படியே இருந்தது. வீரமுத்து முதல் பஸ் பிடித்து கச்சிராயபாளையம் போய், அங்கிருந்து நடந்தார். அணையைத் தாண்டி மலையேறத் தொடங்கும் இடத்தில், மேலிருந்து அவர்கள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் பெரியநாயகி. அவளுக்குப் பின்னால், காய்ச்சல் கண்ணோடு, தன் பிள்ளையை இடுப்பில் வைத்தபடி சாலம்மாள். கடைசியில் மாயவன். பாவாடை வரவில்லை. விடியுமுன்பே ஆண்டாளை மண்ணில் இறக்கியாகிவிட்டது என்பது பெரியநாயகியின் ஈரத் தலையைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்தது.

அவள் மார்போடு ஒரு துணி மூட்டையை அணைத்திருந்தாள். ஆண்டாள் ஜீப்பில் உட்கார்ந்திருந்தபோது கட்டியிருந்த புடவையில் கிழித்த துணி. அதற்குள் ஒரு சின்ன வாய், சத்தம் வராமல், திறந்து திறந்து மூடியது.

வீரமுத்து பாதையின் நடுவில் நின்று இரண்டு கையையும் நீட்டினார்.

"குடு. நான் தூக்கியாறேன்."

பெரியநாயகி நடையை நிறுத்தவில்லை. கள்ளக்குறிச்சி பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்தபடியே வந்தாள். அவர் அருகில் வந்ததும் மூட்டையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"தள்ளி நில்லுங்க," என்றாள். "தீட்டு."

அவர் தள்ளி நின்றார்.